எள் பிசறிய கீரை: ஜப்பானிய கோமா-அயே வீட்டில் செய்யும் முறை

ஜப்பானிய வீட்டுச் சாப்பாட்டில் சோறும் மிசோ சூப்பும் முன்னால் இருக்கும், மீனோ டோஃபுவோ பின்னால் இருக்கும். அவற்றோடு உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கிண்ணம் ஒன்றில் இரண்டு மூன்று வாய்க்கு மட்டும் கீரை வைப்பார்கள். அதில் அடிக்கடி வருவது ஹோரென்சோ நோ கோமா-அயே, அதாவது வேகவைத்த கீரையை அரைத்த எள்ளில் பிசறியது. கீரை, எள், சோயா சாஸ், சர்க்கரை என நான்கே பொருள். தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, அடுப்பு வேலை பத்து நிமிடம்கூட ஆகாது.

அப்படியிருந்தும் முதல் தடவை செய்பவர்கள் பலருக்கும் கிடைப்பது, அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கிய, எள் மணமே தெரியாத ஒரு குழைவுதான். சோயா சாஸ் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அப்போது கரிக்கும், ஆனாலும் சப்பென்றே இருக்கும். கோளாறு சாஸில் இல்லை, கீரைக்குள் தங்கிய தண்ணீரில் இருக்கிறது. கீழே வரும் படிகளில் பாதி அந்தத் தண்ணீரை எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியே தள்ளுவது என்பதைப் பற்றியவை.

அளவு (மூன்று பேருக்கு)

கீரை: 200 கிராம், சுத்தம் செய்த பிறகு
வெள்ளை எள்: 3 மேசைக்கரண்டி (சுமார் 27 கிராம்)
சர்க்கரை: 2 தேக்கரண்டி
சோயா சாஸ்: 2 தேக்கரண்டி, கீரையை அலச இன்னொரு தேக்கரண்டி
வேகவைக்க: 2 லிட்டர் தண்ணீர்
ஆறவைக்க: பெரிய பாத்திரம் நிறையக் குளிர்ந்த தண்ணீர்

மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி., தேக்கரண்டி என்றால் 5 மி.லி. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். இனிப்புத் தூக்கலாக வேண்டுமென்றால் சர்க்கரையை 1 மேசைக்கரண்டி வரை ஏற்றலாம். ஜப்பானில் பல வீடுகளில் அந்த அளவில்தான் போடுகிறார்கள். சோயா சாஸை மட்டும் முதலிலேயே கூட்டாதீர்கள். ஜப்பானின் வழக்கமான கருஞ்சாஸில் 100 கிராமுக்குச் சுமார் 14.5 கிராம் உப்பு உண்டு. மேலே சொன்ன அளவு பிழிந்த கீரைக்குச் சரியாக இருக்கும்.

சோயா சாஸ் எது என்பது முக்கியம். சோயா மொச்சையும் கோதுமையும் சேர்த்து நொதிக்கவைத்த ஜப்பானிய வகை வேண்டும். கிக்கோமன் மாதிரியானது போதும். ஃப்ரைட் ரைஸுக்கு வாங்கும், நிறத்துக்காகக் கேரமல் சேர்த்த கெட்டிச் சாஸை இதில் ஊற்றினால் கீரை கறுத்துப்போகும், எள்ளின் வாசனையும் அமுங்கிவிடும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் தமாரி எனும் சோயா சாஸ் வகை கோதுமை சேர்க்காததாகக் கிடைக்கிறதா என்று புட்டியின் லேபிளைப் பார்த்து வாங்கலாம்.

சர்க்கரை பெரிய கற்களாக இருந்தால் பொடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கலவை சூடாவதே இல்லை, கரையாத சர்க்கரை பல்லில் நறநறக்கும். வெல்லம் வேண்டாம். அதன் வாசனை எள்ளோடு சேர்ந்தால் எள்ளுருண்டைப் பக்கம் போய்விடும், கீரை தோற்றுவிடும்.

எந்தக் கீரை

ஜப்பானியர் இதற்கு எடுக்கும் ஹோரென்சோ (ஆங்கிலத்தில் ஸ்பினாச்) குளிர்காலத்துக் கீரை. ஜப்பானின் உணவுச் சத்து அட்டவணையே கோடையில் பறித்ததற்கும் குளிர்காலத்தில் பறித்ததற்கும் வைட்டமின் சி அளவைத் தனித்தனியாகத் தருகிறது: 100 கிராமுக்கு முன்னதில் 20 மி.கி., பின்னதில் 60 மி.கி. குளிரில் வாடாமல் நிற்கக் கீரை தனக்குள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் வரும், இலை சுருங்கித் தரையோடு படர்ந்த சிஜிமி வகை தனியான இனிப்போடு இருக்கும். ஜப்பானில் கீரைக் கட்டு வேரடியோடு வரும். அந்த இளஞ்சிவப்பு அடிப்பகுதிதான் கீரையிலேயே இனிப்பானது. வேர்நுனியை மட்டும் சீவிவிட்டு அடியை வைத்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டுக் கடைகளில் பாலக் என்று கேட்டு வாங்குங்கள். அந்தப் பெயரில் இந்தியச் சந்தையில் வருவது பெரும்பாலும் பீட்ரூட் குடும்பத்துக் கீரை. ஹோரென்சோவைவிட இலை தடிப்பு, தண்டு நார். வேகும் நேரத்தில் 20 நொடி கூட்டினால் சரியாக வரும். கொடிப்பசலை மட்டும் எடுக்காதீர்கள். அதன் வழவழப்பு எள்ளோடு கலந்தால் பசையாகிவிடும். முளைக்கீரையின் இளந்தளிரில் செய்யலாம், ஆனால் அதற்குத் தண்டின் கடிப்பு இருக்காது.

வேரடி உள்ள கீரையாக இருந்தால் அடியில் கத்தியால் கூட்டல் குறி போல 1 செ.மீ. ஆழத்துக்குக் கீறி, பத்து நிமிடம் தண்ணீரில் நிறுத்திவையுங்கள். தண்டுகள் சேரும் இடத்தில்தான் மண் ஒளிந்திருக்கும். கீறினால் அது விரிந்து மண் தானாக இறங்கும், தடித்த அடியும் இலையோடு சேர்ந்து வேகும். வாடிய கீரை இந்தப் பத்து நிமிடத்தில் நிமிர்ந்தும்விடும். கீரையை இப்போது நறுக்கக்கூடாது. நறுக்கி வேகவைத்தால் வெட்டுவாய் வழியாகச் சுவை வெளியே போகும், தண்ணீர் உள்ளே வரும், பிறகு பிழிவதற்குப் பிடிமானமும் இருக்காது.

எள்

கொதிக்கத் தண்ணீர் வைத்துவிட்டு எள்ளுக்கு வாருங்கள். கலவை முன்பே தயாராக இருக்க வேண்டும். பிழிந்த கீரை காத்திருந்தால் மறுபடி தண்ணீர் விடும்.

ஜப்பானில் பயன்படும் எள்ளில் 99 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. உள்ளூர் விளைச்சலில் முதலிடம் ககோஷிமா மாநிலத்தின் கிகாய் தீவுக்கு, அந்த எள் விலை கூடியது. எனவே சாதாரண வீட்டில் இருப்பது கடையில் வாங்கிய, வறுத்து அடைத்த பொட்டலம். அதையும் அப்படியே போட மாட்டார்கள், இன்னொரு முறை சூடுகாட்டுவார்கள். பொட்டலத்தில் தூங்கிய மணம் அந்த ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும்.

பச்சை எள்ளாக இருந்தால் வெறும் வாணலியில், சிறு தீயில், கை விடாமல் ஆட்டிக்கொண்டே ஐந்து நிமிடம் வறுக்க வேண்டும். முன்பே வறுத்ததற்கு ஒன்றிரண்டு நிமிடம். இரண்டு மூன்று எள் வெடித்துத் துள்ளியதும் அடுப்பை அணைத்து உடனே வேறு தட்டில் கொட்டுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் மேலும் கறுக்கும், கறுத்த எள் கசக்கும். அந்தக் கசப்பைச் சர்க்கரையால் மூட முடியாது, அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுப்பதே மேல். கறுப்பு எள்ளில் நிறம் பார்க்க வழியில்லை. வெடிக்கும் ஓசையையும் மணத்தையும் நம்ப வேண்டும், விரலால் நசுக்கினால் உடனே பொடிய வேண்டும்.

அரைக்க ஜப்பானியர் வைத்திருப்பது சுரிபாச்சி. வெளியே மெருகும் உள்ளே மெருகில்லாத கீறல் வரிகளுமாக உள்ள மண் கிண்ணம் அது. கூடவரும் மரக்குழவி சுரிகோகி, நல்லதென்றால் சன்ஷோ மிளகு மரத்தில் செய்தது. கிண்ணத்தின் அடியில் ஈரத் துணி போட்டால் நகராது. இடது உள்ளங்கையைக் குழவியின் தலைமேல் வைத்து அதை அச்சாகப் பிடித்து, வலது கையால் கீழ்ப்பகுதியைச் சுற்றுங்கள். குத்தக்கூடாது. எள் சூடாக இருக்கும்போதே அரைத்தால் சீக்கிரம் உடையும்.

எவ்வளவு அரைப்பது என்பதில்தான் இந்தப் பண்டத்தின் குணம் இருக்கிறது. ஏழெட்டு பங்கு பொடிந்து, இரண்டு மூன்று பங்கு அரையும் குறையுமாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதலில் உலர்ந்த பொடியாக இருக்கும். எள்ளில் பாதி எடை எண்ணெய் என்பதால் கொஞ்ச நேரத்தில் அது கசிந்து, பொடி ஈரமணல் மாதிரி ஒட்டத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். உடையாத எள் வாயில் மணமே தராமல் போய்விடும். விழுதான எள்ளோ கீரையின் மேல் மாவாகப் பூசிக்கொள்ளும்.

சுரிபாச்சி இல்லையென்றால் சின்ன உரல் நன்றாக வேலை செய்யும். மிக்ஸியில் செய்வதானால் எள்ளை முழுக்க ஆறவிட்டு, சட்னி ஜாரில் சர்க்கரையோடு சேர்த்துப் போட்டு, ஒரு நொடி அடித்து நிறுத்தி, ஜாரை உலுக்கி, மறுபடி ஒரு நொடி என நாலைந்து தடவை அடியுங்கள். ஓடவிட்டால் பிளேடின் சூட்டில் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். எள்ளுப்பொடிக்கு அரைப்பதைவிடக் கொரகொரப்பு கூடவே இருக்கட்டும்.

பொடித்த எள்ளில் சர்க்கரையைப் போட்டு ஒரு சுற்று, பிறகு 2 தேக்கரண்டி சோயா சாஸை ஊற்றி ஒரு சுற்று. கலவை கெட்டியாக, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்கும். தண்ணீர் சேர்த்து இளக்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். எவ்வளவு பிழிந்தாலும் கீரையில் மிஞ்சும் ஈரமே அதை இளக்கிவிடும்.

வேகவைத்தல்

தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். 200 கிராம் கீரையை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு முடிந்து தண்ணீர் மறுபடி கொதித்த பிறகே அடுத்ததைப் போடுங்கள். மொத்தமாகத் திணித்தால் கொதி அடங்கிவிடும். கீரை வேகாமல் வெதுவெதுப்பில் ஊறி நிறம் மங்கும்.

தண்டுப் பக்கத்தை மட்டும் முதலில் இறக்கி, இலையைக் கையில் பிடித்தபடி 30 நொடி நிறுத்துங்கள். பிறகு இலையையும் அமுக்கிவிட்டு 20 முதல் 30 நொடி. ஆக மொத்தம் ஒரு நிமிடம். தண்டை எடுத்துக் கிள்ளிப் பார்த்தால் வளைய வேண்டும், ஆனால் நசுங்கக்கூடாது. மூடி போடாதீர்கள். கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேற வழி வேண்டும். அமிலம் பட்டால் பச்சையத்தின் நடுவில் உள்ள மெக்னீசியம் கழன்று, நிறம் பாசிப்பழுப்பாக மாறும். அதே காரணத்தைச் சொல்லிச் சிலர் சமையல் சோடா போடுவார்கள். நிறம் நிற்பது உண்மைதான், ஆனால் கீரையின் கட்டுமானம் கரைந்து கூழாகும். உப்பு போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ரசத்துக்கென்று எடுத்துவைக்க வேண்டாம். கீரையை மென்றபின் பல் கூசுவதுபோல் கரகரக்கச் செய்யும் ஆக்சாலிக் அமிலம் அதில்தான் இறங்கியிருக்கிறது. ஜப்பானியச் சமையலில் இப்படிப்பட்ட காறலுக்கும் கசப்புக்கும் மொத்தமாக அகு என்று பெயர். மைக்ரோவேவில் வேகவைக்கும் குறுக்குவழியில் இது வெளியேற இடமே இல்லை. அவசரத்துக்கு அப்படிச் செய்தால், பிறகு தண்ணீரில் போட்டு அலசியே ஆக வேண்டும்.

குளிர்தண்ணீர், பிழிதல்

எடுத்த கீரையை உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். சூடு நின்றால் வேகுவதும் நிற்கும். எஞ்சிய ஆக்சாலிக் அமிலமும் இங்கே கரையும். அரை நிமிடத்தில் தண்ணீரை மாற்றி, இன்னும் ஒரு நிமிடம் விட்டு எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஊறவைப்பது அதிகம். வைட்டமின் சியும் கீரையின் சுவையும் சேர்ந்தே போய்விடும். குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும் ஊர்களில் ஐஸ்கட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள்ளேயே தண்டுகளின் அடி ஒரே மட்டமாக வரும்படி சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். அடி மேலே, இலை நுனி கீழே. மேலிருந்து கீழாகக் கையை இறக்கிக்கொண்டே அழுத்திப் பிழியுங்கள். துணியைப் போல முறுக்கினால் இலை கிழிந்து பச்சைச் சாறு வரும். கையில் பலம் போதாதவர்கள் சுஷி சுருட்டும் மூங்கில் பாயில் வைத்துச் சுருட்டி அழுத்தலாம்.

இதன் பிறகு வரும் படி சின்னது, ஆனால் பலரும் விட்டுவிடுவது. ஷோயு-அராய் என்பார்கள், சோயா சாஸால் அலசுவது. பிழிந்த கீரைக் கட்டின் மேல் 1 தேக்கரண்டி சோயா சாஸைச் சுற்றித் தெளித்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி பிழியுங்கள். சாஸின் உப்பு கீரைக்குள் இருக்கும் தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவரும், கைப்பலத்தால் வராத தண்ணீர் இதில் வரும். கூடவே கீரைக்குள் லேசாகச் சுவையும் ஏறிவிடும், எள் கலவை பிறகு நீர்த்துப்போகாது. சாஸ் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள்.

இப்போது 4 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். நறுக்கியதும் தண்டுக் குழல்களின் இரு முனையும் திறந்துவிடுவதால் இன்னும் கொஞ்சம் நீர் கசியும். கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கடைசியாக ஒரு முறை அழுத்துங்கள். சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள்: 200 கிராம் பச்சைக் கீரை 140 கிராம் அளவுக்கு வந்திருந்தால் சரி. 170 இருந்தால் கிண்ணத்தில் குளம் கட்டும். 110க்குக் கீழே போனால் நார்தான் மிச்சம், அப்போது கலவையில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

பிசறுதல்

பிழிந்த கீரை கட்டியாக இருக்கும். விரலால் இலை இலையாகப் பிரித்துவிட்டு, கலவை இருக்கும் கிண்ணத்திலேயே இரண்டு மூன்று தடவையாகப் போட்டு, குச்சியாலோ விரலாலோ அடியிலிருந்து தூக்கிப் பிசறுங்கள். அழுத்திப் பிசைந்தால் மறுபடி நீர் கிளம்பும். பரிமாறுவதற்குப் பத்து நிமிடத்துக்குள்தான் இதைச் செய்ய வேண்டும். நேரம் போகப் போக உப்பும் சர்க்கரையும் நீரை இழுக்கும், சோயா சாஸின் அமிலம் பச்சையைக் கெடுக்கும்.

சுவைத்துப் பார்த்து உப்புக் குறைவு என்றால் முதலில் அரைத் தேக்கரண்டி எள்ளைப் பொடித்துச் சேர்த்துப் பாருங்கள். அது நீரை உறிஞ்சிக்கொண்டதும் சுவை திரும்பிவிடும். அதற்குப் பின்னும் குறைந்தால் மட்டும் சாஸ் சேர்க்கலாம். நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் என்ன என்று தோன்றலாம். எள்ளெண்ணெய் ஊற்றிப் பிசறுவது கொரியாவின் நமுல் வழி, இதில் எண்ணெய் எள்ளுக்குள்ளிருந்தே வர வேண்டும்.

கொபாச்சி எனும் சிறு கிண்ணத்தில், ஓரங்களைத் தொடாமல் நடுவில் குவித்து வையுங்கள். பரப்பினால் தட்டையாகத் தெரியும், சீக்கிரம் காயும். ஒருவருக்கு 50, 60 கிராம் போதும். முழுச் சாப்பாடாக வைக்கும்போது சோறு இடது முன்பக்கம், சூப் வலது முன்பக்கம், முக்கியப் பண்டம் வலது பின்பக்கம். இந்தக் கிண்ணம் நடுவிலோ இடது பின்பக்கமோ வரும்.

வேறு காய்களில்

ஆக்சாலிக் அமிலம் மிகுந்ததைக் குளிர்தண்ணீரில் போட வேண்டும். அது இல்லாததை, முக்கியமாகத் தண்ணீர் குடித்துக்கொள்ளும் காயை, போடக்கூடாது. இது தெரிந்தால் வேறு செய்முறை தேட வேண்டியதில்லை.

பீன்ஸை முழுசாக உப்புத் தண்ணீரில் இரண்டரை, மூன்று நிமிடம் வேகவைத்து, வடிதட்டில் பரப்பி விசிறியால் ஆற்றுங்கள். இதற்கு ஒகா-அகே என்று பெயர். ஆறிய பிறகே நறுக்க வேண்டும், முன்பே நறுக்கினால் உள்ளே தண்ணீர் ஏறிவிடும். 150 கிராம் பீன்ஸுக்கு மேலே சொன்ன கலவையில் முக்கால் பங்கு போதும். கறுப்பு எள் இதற்கு நன்றாகப் பொருந்தும். ப்ரொக்கோலியும் இதே வழிதான், ஆனால் பூப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வடியுங்கள், மொட்டுகளுக்கிடையில் நிறையத் தண்ணீர் நிற்கும். கொமாத்சுனா கீரையில் காறல் குறைவு, சூடு அடங்கும் வரை மட்டும் தண்ணீரில் முக்கினால் போதும்.

சைவம் பற்றி

மேலே சொன்ன முறையில் மீன் எதுவும் இல்லை. ஆனால் ஜப்பானிய உணவகங்களில் கலவையை இளக்கத் தாஷி சேர்ப்பதுண்டு. அது பெரும்பாலும் உலர்ந்த மீன்சீவலில் எடுத்த சாறு. சைவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் தாஷி வேண்டுமென்றால் 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு கடற்பாசியை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறவைத்து எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரைக்குப் பதில் மிரின் எனும் இனிப்பு அரிசி மதுவை ஊற்றுவதானால் அதில் 14 விழுக்காடு அளவுக்கு மதுச்சாரம் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். கொதிக்கவைத்தால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

எடுத்துவைத்தல்

பிசறியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். முன்கூட்டித் தயாரிப்பதென்றால் நறுக்காத, பிழிந்த கீரையை மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். எள்ளும் சர்க்கரையும் கலந்த பொடியைத் தனியாக வையுங்கள், சாஸை அதில் கடைசியில் சேருங்கள். மதிய டப்பாவுக்குக் கட்டும்போது சாஸை அரைத் தேக்கரண்டி குறைத்து, கீரைக்கு அடியில் ஒரு தேக்கரண்டி பொடித்த எள்ளைத் தூவி அதன்மேல் வைத்தால் கசியும் நீரை அது பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் சோறு நனையாது. கோடையில் டப்பாவோடு ஐஸ் பொதியும் வேண்டும்.